சாய்ந்த மரமும் கரை ஒதுங்கிய கட்டையும்: கிண்ணம் கடையும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பூவரசங்கட்டை ஒன்று இரண்டு மழைக்காலம் கேட்பாரற்றுக் கிடந்தால், அதன் வெளிறிய வெளிமரத்தில் மெல்லிய கறுப்புக் கோடுகள் ஓடியிருக்கும். மரத்துக்குள் பூஞ்சைக் கூட்டங்கள் ஒன்றையொன்று தடுத்து நிறுத்திய இடங்கள் அவை. மேலைநாட்டுக் கடைசல்காரர்கள் ஸ்பால்டிங் என்று சொல்லி இந்தக் கட்டையைத் தேடி வாங்குகிறார்கள். நாம் உளுத்தது என்று அடுப்பில் வைக்கிறோம். ஹவாய்த் தீவுகளில் இதே பூவரசில்தான் உணவுக் கிண்ணம் கடைந்தார்கள்; மரத்தின் சுவை சாப்பாட்டில் இறங்காது என்பது காரணம். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்திலும் பாம்பனிலும் விறகாகப் போகும் கட்டை கடைசல் பட்டறைக்குப் போனால் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால், போகும் முன் அது யாருடைய மரம் என்று கேட்டாக வேண்டும்.

கீழே கிடக்கும் மரத்துக்குச் சொந்தக்காரர் இல்லை என்று பலரும் நம்புகிறார்கள். உங்கள் பட்டா நிலத்தில் சாய்ந்த பூவரசோ மாமரமோ உங்களுடையது. சந்தனத்துக்கும் ஈட்டிக்கும் தனி விதிகள் உண்டு. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். மரத்தை வண்டியில் ஏற்றும் முன், அந்த இனத்துக்கு வழிச்சீட்டு தேவையா என்று வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். சாலையோரம், கண்மாய்க்கரை, புறம்போக்கு ஆகியவற்றில் விழுந்த மரம் நெடுஞ்சாலைத் துறைக்கோ நீர்வளத் துறைக்கோ ஊராட்சிக்கோ சொந்தம். ஏலத்தில் எடுத்து, ரசீதைப் பத்திரப்படுத்துவதே வழி.

கடல் கொண்டுவந்து போட்ட கட்டையில்தான் ஏமாந்துபோகிறார்கள். மிதந்து வந்ததும் கரை ஒதுங்கியதும், உரிமையாளர் யாரென்று நிரூபணமாகும் வரை அரசின் உடைமையாகவே வனச் சட்டத்தில் கருதப்படும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விதி இன்னும் கடுமை. 1986 முதல் அவை கடல்சார் தேசியப் பூங்கா. அங்கிருந்து காய்ந்த கொம்பை எடுத்து வந்தாலும் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம், 1972 பாயும். தண்டவாளத்தின் பழைய ஸ்லீப்பர் கட்டை ரசீது இல்லாமல் வீட்டில் இருந்தால், ரயில்வே உடைமைகளைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதற்கான 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழக்கு வரும்.

ஸ்லீப்பரை வேறொரு காரணத்துக்காகவும் தொடாதீர்கள். கெடாமலிருக்க அதில் கிரியோசோட் என்னும் தார் எண்ணெயை ஏற்றியிருப்பார்கள். கழித்துப் போட்ட படகுப் பலகையும் அப்படியே. அடுக்கடுக்கான பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். சிப்பி ஒட்டாமலிருக்கப் பூசியதில் செம்பு இருக்கலாம். இவற்றில் உணவுப் பாத்திரம் கடையவே கூடாது. சதுப்புக் காட்டுத் தில்லை மரத்தையும் தொடாதீர்கள்; அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

பூஞ்சை மரத்தைத் தின்றுதான் ஸ்பால்டிங் கோலம் விழுகிறது. அதனால் ஒரே கட்டை ஒரு பக்கம் கெட்டியாகவும் மறுபக்கம் பொதபொதவென்றும் இருக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள்; நகம் இறங்கினால் லேத்தில் ஏற்றாதீர்கள், சுழற்சியில் பிய்ந்து முகத்தில் அடிக்கும். நல்ல கட்டைக்கும் முகம் முழுக்க மறைக்கும் கவசம் வேண்டும். குறைந்த வேகத்தில் தொடங்குங்கள். சத்தம் மாறினால் உடனே நிறுத்துங்கள். தோளில் துண்டு கூடாது.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது தூள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. மூக்கிலும் அதையொட்டிய எலும்புக் குழிகளிலும் வரும் புற்றுநோய் அது. பூஞ்சை பிடித்த மரத்தில் அதன் வித்துகளும் சேர்ந்து பறக்கும்; ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சு முட்டும். மூக்கைச் சுற்றிக் கட்டிய துண்டில் நுண்தூள் நிற்காது. குறைந்தது என்95 முகக்கவசம் போடுங்கள். உப்புத்தாள் தேய்க்கும்போது கண்டிப்பாக. தூளை வெளியே இழுக்கும் விசிறி இல்லாத அறையில், குழந்தைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடையாதீர்கள்.

மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பூஞ்சை வளர்வது நிற்கும். நம் கடற்காற்றில் அதற்கு நாளாகும். தரையில் போடாமல், காற்றோட்டமான கூரையடியில் அடுக்குங்கள். கடலில் ஊறிய கட்டையில் உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், உளியும் துருப்பிடிக்கும். கடைந்த கிண்ணத்தில் கடலை, பழம் வைக்கலாம். தயிரும் குழம்பும் வேண்டாம். விற்கும்போது வாங்குபவரிடமும் இதைச் சொல்லுங்கள். மெருகேற்ற ஆளிவிதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டி எறியாமல் வெளியே விரித்துக் காயப்போடுங்கள். சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும்.

மரத்தைப் பறிமுதல் செய்தால் சண்டை போடாதீர்கள். எந்தச் சட்டப்படி, எத்தனை கட்டை என்று எழுதிய மகஜரின் நகலைக் கேளுங்கள். பட்டா நகல், விஏஓ சான்று, ஏல ரசீது, அறுப்பதற்கு முன் எடுத்த படம் இவை இருந்தால் உங்கள் பக்கம் வலுவாகும். எழுத்தில் பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பியுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ராமநாதபுரத்திலுள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிலாளர், பேரிடரில் பாதிக்கப்பட்டோர் ஆகியோருக்கு வழக்கறிஞர் உதவி இலவசம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

பட்டறையில் கூலிக்குக் கடைபவர் விரலையோ கண்ணையோ இழந்தால், கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்து முடித்துவிடப் பார்ப்பார்கள். சட்டப்படியான இழப்பீடு வேறு. அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய், வேலையில் பட்ட அடி என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். தொழிலாளர் துறையில் கோரிக்கை வைக்க இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது.