நேதாஜி ஏறிய நீர்மூழ்கியும் அதன் ஆறு எஞ்சின்களும்

நேதாஜியை ஜெர்மனியிலிருந்து ஏற்றிவந்த நீர்மூழ்கிக் கப்பல் பிற்பாடு என்னவாயிற்று என்று சிதம்பரத்திலிருந்து ஓர் அன்பர் எழுதிக் கேட்டிருக்கிறார். மேலே மிதக்கும்போது டீசலாலும் மூழ்கியபின் மின்கலத்தாலும் அது ஓடும் என்ற பாலபாடத்தை வாசகர்கள் அறிவார்களாதலால், அதை விடுத்து விஷயத்துக்கு வருகிறேன்.

அதன் பெயர் யூ-180. பிரெமன் நகரிலே கட்டப்பட்டு 1942 மே மாதம் சேவைக்கு வந்த அந்தக் கப்பல், 1943 பிப்ரவரி 9-ஆம் தேதி கீல் துறைமுகத்தில் சுபாஷ் சந்திர போஸையும் அவருடைய துணைவர் ஆபித் ஹசனையும் ஏற்றிக்கொண்டு, ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்து, இடையிலே கோர்பிஸ் என்ற பிரிட்டிஷ் எண்ணெய்க் கப்பலை மூழ்கடித்து, ஏப்ரல் 28-ஆம் தேதி மடகாஸ்கருக்கு அப்பால், கொந்தளிக்கும் சமுத்திரத்தின் நடுவே, அவ்விருவரையும் ரப்பர் தோணியில் இறக்கி ஜப்பானின் ஐ-29 நீர்மூழ்கிக்கு அனுப்பி வைத்தது. அங்கிருந்து இதற்கு வந்து சேர்ந்தவை இரண்டு ஜப்பானிய அதிகாரிகளும் இரண்டு டன் தங்கமும். மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் தமிழர் திரளாக இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த பின்கதையை மேடைதோறும் கேட்கிறோம். அதற்கு வழிவகுத்த யந்திரத்தைப் பற்றியோ எவரும் வாய் திறப்பதில்லை. வீரத்தைப் பாடுகிற நமக்கு யந்திரத்தின்மீது ஏனோ சிரத்தையில்லை.

எனக்கோ அதன் எஞ்சின்களே விசேஷம். அந்த இனத்துக் கப்பல்களில் பொதுவாக இருக்கும் இரண்டு பெரிய டீசல்களுக்குப் பதிலாக, துரிதப் படகுகளுக்கென்று செய்யப்பட்ட மெர்சிடஸ் பென்ஸ் எஞ்சின்கள் ஆறினை இதில் பொருத்தியிருந்தார்கள். ஒவ்வொன்றும் இருபது சிலிண்டர், 1,500 குதிரைத்திறன். நீர்மட்டத்தில் மணிக்கு ஏறக்குறைய 21 கடல்மைல் வேகம். ஆனால் சில மணி நேரம் பாய்ந்துவிட்டுக் கரை திரும்பும் படகுக்கு உகந்த யந்திரம், இரும்புக் கூட்டுக்குள் மாதக்கணக்கில் ஓடுவதற்கு இசையுமா? எங்கள் நிலத்தில் ஒரு கோடையில், பெரிதாயிருக்கிறதே என்று இரவல் வாங்கி வந்த ஆயில் எஞ்சினைத் தாழ்ந்த கொட்டகைக்குள் வைத்து இறைத்தபோது, எழுந்த கரும்புகையைக் கண்டு அடுத்த தெருக்காரர்கள் தீயென்று குடத்தோடு ஓடிவந்தார்கள். யூ-180-லும் அதே உஷ்ணம், அதே புகை. ஒளிந்திருப்பதே தொழிலான கப்பலுக்கு அதைவிடச் சத்துரு வேறில்லை. கடலூர் முதுநகர்த் துறையிலே, படகு தாங்குமா என்று பாராமல் குதிரைத்திறனை மட்டும் விசாரிக்கிற இளைஞர்களைக் காணும்போது இந்த ஆறு எஞ்சின்களும் எனக்கு ஞாபகம் வருகின்றன.

1943 ஜூலையில் போர்தோ திரும்பிய கப்பலின் அதிவேக எஞ்சின்களைக் கழற்றிச் சாதாரண டீசல் இரண்டை வைத்து, 252 டன் சரக்கு ஏற்றும் கப்பலாக மாற்றினார்கள். 1944 ஆகஸ்டில் கீழ்த்திசை நோக்கிப் புறப்பட்ட அது, பிஸ்கே விரிகுடாவிலேயே 56 பேருடன் மறைந்தது. இதே அமைப்பில் கட்டப்பட்டு, இதைப் போலவே மாற்றப்பட்ட உடன்பிறப்பு யூ-195 ஒன்றுதான். அதே மாதம் புறப்பட்ட அது டிசம்பரில் பத்தேவியாவை அடைந்தது. ஜெர்மனி சரணடைந்ததும் ஜப்பானியர் அதைக் கைப்பற்றி, 1945 ஜூலையில் ஐ-506 என்ற பெயரில் தங்கள் கடற்படையில் சேர்த்துக்கொண்டார்கள்; அடுத்த மாதமே ஜப்பானும் சரணடைந்துவிட்டது.