உணவியல் படிப்பு: பணம் கட்டும் முன் தெரிய வேண்டியவை

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும், மும்பைத் தமிழர் வீடுகள் பலவற்றில் ஒரே பேச்சுதான். பெண் அறிவியல் பிரிவில் நன்றாகவே தேறியிருக்கிறாள். ஆனால் டாக்டர் படிப்புக்கு அந்த மதிப்பெண் போதாது. பணம் கட்டிச் சேர்க்கவோ வசதியில்லை. தாராவியிலும் செம்பூரிலும் மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துவோர் இந்த நிலையில் எண்ணிப் பார்க்கத்தக்க படிப்புகளில் ஒன்று உணவியல்.

சமையல் படிப்பா?

"சோறு ஆக்கக் கல்லூரிக்கா போக வேண்டும்?" என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. உணவியல் என்பது அதுவல்ல. உடலியல், உயிர் வேதியியல், நுண்ணுயிரியல், உணவு வேதியியல், நோய்க்கேற்ற உணவு ஆகியவையே இதன் முக்கியப் பாடங்கள். ஆகவே பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியலும் உயிரியலும் படித்திருப்பது நல்லது. பல கல்லூரிகளில் அது கட்டாயமாகவும் இருக்கிறது.

இந்திய உணவுகளின் சத்து அளவுகளைத் தொகுத்து 1971-இல் ஒரு நூல் வெளிவந்தது. இத்துறை மாணவர்கள் நெடுங்காலம் கையில் வைத்திருந்த அந்த நூலின் முதன்மை ஆசிரியர் டாக்டர் சி. கோபாலன், சேலத்தில் பிறந்தவர். அதை வெளியிட்ட ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 1918-இல் குன்னூரில் சிறு ஆய்வுக்கூடமாகத் தொடங்கியதுதான். 1958-இல் அது ஐதராபாத்துக்கு மாறியது. 2017-இல் இந்நிறுவனம் 528 உணவுகளுக்குப் புதிய அட்டவணை வெளியிட்டது.

வார்டில் என்ன வேலை?

மருத்துவமனையில் உணவியலாளர், டாக்டர் எழுதும் நோய்க்குறிப்பையும் ரத்தப் பரிசோதனை முடிவையும் பார்த்து, நோயாளியின் உணவைக் கணக்கிடுகிறார். ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி, புரதத்தில் 4, கொழுப்பில் 9 என்பது அடிப்படைக் கணக்கு. அதை வைத்து, மூன்று இட்லி சாப்பிடுகிறவர் இரண்டோடு நிறுத்திக்கொண்டு சாம்பாரில் பருப்பைக் கூட்டலாமா என்று சொல்ல வேண்டும்.

சிறுநீரகம் கெட்டவருக்கு உறவினர்கள் அன்போடு இளநீர் வாங்கி வருவார்கள். அதிலுள்ள பொட்டாசியம் அவருடைய ரத்தத்தில் தேங்கினால் இதயத்தையே பாதிக்கும். காய்களை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுச் சமைக்க வேண்டும் என்பதையும் அவர்களுக்கு எடுத்துச் சொல்பவர் உணவியலாளரே.

வடாபாவும் பாக்ரியும் தெரிந்து, தோசையும் ரசமும் தெரிந்து, மராத்தி, இந்தி, தமிழ் மூன்றிலும் பேசத் தெரிந்த ஒரு பெண்ணோ பையனோ மும்பை மருத்துவமனையில் இந்த வேலையைச் செவ்வனே செய்ய முடியும். இங்கே வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது கூடுதல் பலம்.

"ஆர்.டி." ஆவது எப்படி?

பெரிய மருத்துவமனைகள் மதிக்கும் தகுதி "பதிவு பெற்ற உணவியலாளர்" என்பது. சுருக்கமாக ஆர்.டி. என்பார்கள். இந்திய உணவியல் சங்கம் இதற்கான தேர்வை நடத்துகிறது. முதலில் மூன்றாண்டுப் பட்டம். அதன்பின் இரண்டாண்டு எம்.எஸ்ஸி. அல்லது ஓராண்டு முதுநிலை டிப்ளமோ. அதற்கும் பிறகு மருத்துவமனையில் ஆறு மாதப் பயிற்சி. இவ்வளவும் முடித்தவரே தேர்வு எழுதலாம். மொத்தத்தில் நாலரை முதல் ஐந்தரை ஆண்டு ஆகும்.

மும்பையில் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக் கழகமும் நிர்மலா நிகேதன் மனையியல் கல்லூரியும் இத்துறையில் பெயர் பெற்றவை. ஊரிலேயே படிக்கட்டும் என்று நினைப்பவர்களுக்குக் கோவையில் அவினாசிலிங்கம் மகளிர் பல்கலைக் கழகம் இருக்கிறது.

ஏமாற வேண்டாம்

மூன்று மாதத்தில், ஆறு மாதத்தில் "நியூட்ரிஷனிஸ்ட்" ஆக்குகிறோம் என்ற விளம்பரங்கள் இன்று ஏராளம். இப்படிப்பட்ட சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு ஆர்.டி. தேர்வு எழுத முடியாது. சங்கிலியை அடகு வைத்துப் பணம் கட்டிய பிறகு இதைத் தெரிந்துகொள்வதில் பயனில்லை. சேரும் முன்பே கல்லூரி அலுவலகத்தில் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும். இந்தப் பட்டத்தைக் கொண்டு ஆர்.டி. தேர்வு எழுதலாமா? மருத்துவமனைப் பயிற்சிக்குக் கல்லூரியே ஏற்பாடு செய்யுமா? இது அரசு உதவி பெறும் வகுப்பா, சுயநிதி வகுப்பா? கடைசிக் கேள்விக்கான பதிலைப் பொறுத்துக் கட்டணம் பெரிதும் மாறும்.

துணை மருத்துவத் துறையினருக்காக 2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில் உணவியலாளர்களும் சேர்க்கப்பட்டுள்ளனர். மாநில கவுன்சில்களில் பதிவு செய்துகொள்ள அச்சட்டம் வழி செய்கிறது. எனவே முறையான படிப்புக்கு மதிப்பு கூடுமே தவிரக் குறையாது.

ஒன்றை மறைப்பதற்கில்லை. பயிற்சி மாதங்களில் பல இடங்களில் உதவித்தொகை கிடையாது. தனியார் மருத்துவமனைகளில் தொடக்கச் சம்பளமும் பெரிதல்ல. பட்டம் வாங்கியதுமே வீட்டுக்குப் பணம் வரும் என்று கணக்குப் போடும் குடும்பம், அதற்கு மேலும் இரண்டாண்டு பொறுக்க முடியுமா என்று யோசித்துக்கொள்ள வேண்டும். பொறுக்க முடிந்தால், பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் மட்டுமன்றி, விடுதிகளிலும் உணவுத் தொழிற்சாலைகளிலும் கல்லூரி ஆசிரியப் பணியிலும் வழி திறக்கும்.