பள்ளிக்கு வரும் குழந்தையைக் காப்பது யார்?

ஒருவர் நம்மை நம்பி ஒப்படைத்த பொருளைக் குறைவின்றிக் காத்துத் திருப்பித் தர வேண்டும் என்பது நம் நாட்டில் தொன்றுதொட்டு வழங்கிவரும் அறம். அண்டை வீட்டார் ஊருக்குச் செல்லுகையில் கொடுத்துவிட்டுப் போகும் திறவுகோலைக்கூட நாம் அவ்வாறுதான் போற்றிக் காக்கிறோம். அங்ஙனமாயின், நாள்தோறும் காலையில் பெற்றோர் பள்ளி வாயிலில் விட்டுச் செல்லும் குழந்தையை எத்துணை விழிப்போடு காக்க வேண்டும்! முதல் மணி அடித்தது முதல், கடைசி மணி அடித்துக் குழந்தை வாயிலைக் கடக்கும் வரையில், பள்ளியில் பணிபுரிவோரே அதற்குத் தாயும் தந்தையும் ஆவர். பாடம் சொல்லிக் கொடுப்பது அவர்களுடைய கடமை. குழந்தையைக் காப்பது அதற்கும் முந்திய கடமை.

ஆசிரியர்களுக்கு உரிய இச் செய்தியை எங்களிடம் ஏன் கூறுகிறீர்கள் என்று மாணவர்களாகிய நீங்கள் கேட்கலாம். தமக்கு உரிய பாதுகாப்பு இன்னது என்று அறிந்த மாணவனே, அது குறையும்போது வாய் திறந்து கேட்பான். மேலும், கல்லூரியில் பயிலும் உங்களுள் பலர் நாளை ஆசிரியர்களாகவும் பெற்றோர்களாகவும் விளங்கப் போகிறீர்கள். ஆகவே இது உங்களுக்கும் உரிய செய்தியே.

பள்ளியில் குழந்தைக்கு நேரக்கூடிய தீங்குகளை மூன்றாகப் பகுத்துக் காணலாம். இடத்தால் வருவது ஒன்று. தண்டனையால் வருவது மற்றொன்று. தீய மனிதரால் வருவது மூன்றாவது.

இடத்தால் வரும் தீங்கை விளக்க ஒரு நிகழ்ச்சி போதும். 2004ஆம் ஆண்டு ஜூலை மாதம் 16ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் பற்றிய தீ, மாடியில் ஓலை வேய்ந்திருந்த வகுப்புகளுக்குப் பரவியது. 94 குழந்தைகள் உயிரிழந்தனர். தீ பற்றியது ஒரு கணத்தில். ஆனால் ஓலைக்கூரையும், அதனருகே அடுப்பும், ஒரே கட்டடத்தில் அடைத்து நடத்தப்பட்ட வகுப்புகளும், குறுகிய வழியும் ஒரு கணத்தில் தோன்றியவை அல்ல. அவை நெடுநாள் அனைவர் கண்ணெதிரிலும் இருந்தவை. அத் துயரத்தை அடுத்துத் தொடுக்கப்பட்ட வழக்கொன்றில், 2009ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், கல்வி பெறும் உரிமை என்பது பாதுகாப்பான பள்ளியில் கற்கும் உரிமையையும் உள்ளடக்கியது என்று தெளிவுபடுத்தியது.

நான் தலைமையாசிரியராக இருந்த காலத்தில், முதல் மணிக்கு அரைமணி நேரம் முன்னதாகவே பள்ளியைச் சுற்றிவருவதை வழக்கமாகக் கொண்டிருந்தேன். மாடிப்படியின் கைப்பிடி உறுதியாக உள்ளதா, தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இருக்கிறதா, மின்கம்பி எங்கேனும் தொங்குகிறதா, பூட்டிக் கிடக்க வேண்டிய அறை திறந்து கிடக்கிறதா என்று பார்ப்பேன். இதற்குப் பெரும் புலமை வேண்டியதில்லை. நாள் தவறாமை ஒன்றே வேண்டும்.

இரண்டாவது, தண்டனை. பிரம்பில்லாமல் படிப்பு வராது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றி இருந்தது. 2003ஆம் ஆண்டில் தமிழக அரசு கல்வி விதிகளைத் திருத்தி, உடலை வருத்தும் தண்டனையை விலக்கியது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், அடிப்பதை மட்டுமன்றி மனத்தைப் புண்படுத்தும் கொடுமையையும் தடை செய்தது. இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. ஆசிரியரைக் கண்டு நடுங்கும் குழந்தை, தனக்கு நேர்ந்த வேறெந்தத் தீங்கையும் அவரிடம் சொல்லாது. பிரம்பு உடலை மட்டுமா வருத்துகிறது? அது வாயையும் அடைத்துவிடுகிறது. வாயடைத்த பள்ளியில் தீயவருக்குக் கொண்டாட்டம்.

இனி மூன்றாவதைக் கூறுகிறேன். சொல்லக் கூசும் செய்திதான். எனினும் சொல்லாமல் விடுவது அதனினும் பெருந்தீங்கு. குழந்தைகளிடம் தகாத முறையில் நடப்பவர் முன்பின் அறியாத அயலார் என்றே பலரும் எண்ணுகின்றனர். பெரும்பாலும் அவ்வாறன்று. குழந்தை அறிந்தவராக, மதிப்பவராக, சில வேளைகளில் அதன்மேல் அதிகாரம் உடையவராக இருப்பவரே இத் தீமையைச் செய்கிறார். முதலில் தின்பண்டமும் பாராட்டும் தந்து நம்பிக்கையைப் பெறுவார். பின்னர், “இதை யாரிடமும் சொல்லாதே” என்று இரகசியத்தால் கட்டுவார். தன்மீதே குற்றம் என்று குழந்தை அஞ்சி மௌனமாகிவிடும்.

மௌனமான குழந்தையும் வேறு வழிகளில் பேசும். கலகலப்பாக இருந்தது ஒதுங்கும். நன்றாகப் படித்தது பின்தங்கும். ஒரு குறிப்பிட்ட இடத்துக்கோ ஒருவரிடமோ செல்ல மறுக்கும். நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில், ஏழாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் மாத முடிவில் வருகைப் பதிவேட்டைக் கூட்டிக்கொண்டிருந்தார். ஒரு சிறுவன் தொடர்ந்து வியாழக்கிழமைகளில் மட்டும் வராதிருப்பதைக் கண்டார். வயிற்றுவலி என்று வீட்டார் கூறினர். வயிற்றுவலிக்குக் கிழமை தெரியுமா என்று ஆசிரியை ஐயுற்றார். அவனைக் கடியாமல் அருகமர்த்திக் கேட்டபோது, வியாழன்தோறும் விளையாட்டு வேளையில் பெரிய மாணவர் இருவர் அவனை அச்சுறுத்திக் காசு பறித்து வந்த செய்தி வெளிப்பட்டது. அன்றே அது நிறுத்தப்பட்டது. பதிவேடு எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது. அதைப் படிப்பவர் வேண்டும்.

குழந்தை தனக்கு நேர்ந்த கொடுமையைக் கூற முன்வரும்போது ஆசிரியர் செய்ய வேண்டியவை சில உண்டு. பொறுமையோடு முழுவதும் கேட்க வேண்டும். “நீ ஏன் அங்கே போனாய்?” என்பது போன்ற வினாக்களால் குழந்தையைக் குற்றவாளி ஆக்கலாகாது. அது கூறியதை அதன் சொற்களிலேயே எழுதி வைக்க வேண்டும். தாமே விசாரணை நடத்த முனையலாகாது, திரும்பத் திரும்பக் கேட்டால் குழந்தையின் புண் ஆறாது, உண்மையும் கலங்கிவிடும். எல்லாவற்றிற்கும் மேலாக, “ஒருவரிடமும் சொல்லமாட்டேன்” என்று வாக்களிக்கலாகாது. “உன்னைக் காக்கக் கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன்” என்பதே நேர்மையான மறுமொழி.

போக்சோ என்று வழங்கும் 2012ஆம் ஆண்டின் சட்டம், 18 வயது நிரம்பாதவரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காப்பதற்கென்றே இயற்றப்பட்டது. இத்தகைய குற்றம் நடந்ததை அறிந்தவரும், நடக்கக்கூடும் என அஞ்சுபவரும் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது அதன் கட்டளை. தெரிவிக்கத் தவறியவருக்கு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். தம் கீழ்ப் பணிபுரிபவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மீது வழக்குத் தொடர இயலாது. குழந்தையின் பெயரை வெளியிடுவதும் குற்றமே.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் சிலர் தயங்குவது ஏன்? “பள்ளியின் பெயர் கெட்டுவிடும்” என்ற அச்சமே காரணம். மூத்த ஆசிரியர்கள் சிலர் இவ்வாறு கூறக் கேட்டிருக்கிறேன். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றே: குழந்தையைக் காவாத பள்ளிக்குக் கெடுவதற்கு என்ன பெயர் மிஞ்சியிருக்கிறது? குற்றத்தை மறைத்துக் குற்றவாளியை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டால் தீமை ஒழிவதில்லை; அது வேறொரு பள்ளியின் வாயிலில் போய் நிற்கிறது.

“அப்படியானால் ஆசிரியர் அனைவரையும் ஐயுறுவதா?” என்று கேட்போரும் உளர். ஐயுறுவதன்று. ஆண்டுதோறும் கணக்குத் தணிக்கை நடைபெறுகிறது. அதனால் பொருளாளரைத் திருடர் என்று யாரும் கருதுவதில்லை. நேர்மையான பொருளாளர் தணிக்கையை விரும்பி வரவேற்பார். பணியில் சேருமுன் ஒருவருடைய முன்வரலாற்றை ஆராய்வது, மாணவரைத் தனியே அழைத்துப் பேசினால் கதவைத் திறந்து வைப்பது, பெற்றோர் அறியாமல் வெளியே அழைத்துச் செல்லாதிருப்பது ஆகிய விதிகளும் அத்தகையவையே. குழந்தையைக் காக்கும் அதே விதி நல்லாசிரியரையும் வீண்பழியிலிருந்து காக்கிறது. ஆசிரியருக்கு மட்டுமன்றி எழுத்தருக்கும், காவலாளிக்கும், வண்டி ஓட்டுநருக்கும் இவ் விதிகள் பொருந்த வேண்டும்.

இளம் மாணவர்களே! உங்கள் மனம் ஒப்பாத முறையில் எவரேனும் நடந்தால், அவர் எத்துணைப் பெரியவராயினும், “வேண்டாம்” என்று கூற உங்களுக்கு உரிமை உண்டு. குற்றம் உங்களுடையது அன்று. நம்பத்தக்க பெரியவர் ஒருவரிடம் கூறுங்கள். அவர் செவி சாய்க்காவிடில் மற்றொருவரிடம் கூறுங்கள். 1098 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றித் தொலைபேசியில் பேசலாம். உங்கள் தோழரோ தோழியோ தம் துன்பத்தை உங்களிடம் கூறினால், அதை இரகசியமாக வைத்துக்கொள்வது நட்பன்று. பெரியவரிடம் அழைத்துச் செல்வதே நட்பு.

நாளை ஆசிரியராகப் போகும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. நாற்பது பெயர்கள் கொண்ட பதிவேடு ஒன்று உங்கள் கையில் தரப்படும். காலையில் அப் பெயர்களை அழைக்கும்போது முகங்களையும் நிமிர்ந்து பாருங்கள். நேற்று மலர்ந்திருந்த முகம் இன்று வாடியிருந்தால் காரணம் கேளுங்கள். பள்ளியில் பாதுகாப்பு என்பது அங்கேதான் தொடங்குகிறது.