புது ரிவால்வரில் சிலிண்டர் சரியாக நிற்கிறதா? சந்தேகங்களும் விளக்கங்களும்

ஆயிரம் ரூபாய்ப் புடவையைக் கடையில் விரித்துப் போட்டு, வெளிச்சத்துக்குக் காட்டி, முந்தானை வரை பார்த்துத்தான் வாங்குகிறோம். 2014-இல் கான்பூரிலிருந்து வந்த 'நிர்பீக்' ரிவால்வரின் அன்றைய விலை 1,22,360 ரூபாய். ஆனால் உரிமத்துக்கு அலைந்த களைப்பிலோ என்னவோ, பலர் துப்பாக்கியைப் பெட்டியோடு வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

சிலிண்டர் 'டைமிங்' என்றால் என்ன?

சுத்தியைப் பின்னால் இழுக்கும்போது, உள்ளே ஒரு நாக்கு சிலிண்டரின் பின்புறப் பல்லைத் தள்ளி, அடுத்த அறையைக் குழலுக்கு நேரே கொண்டுவருகிறது. அடியிலிருந்து இன்னொரு நாக்கு எழும்பி, சிலிண்டரின் வெளிப்புறக் குழியில் விழுந்து அதைப் பூட்டுகிறது. சுத்தி முழுக்கப் பின்னால் போய் நிற்பதற்குள் இந்தப் பூட்டு விழுந்தாக வேண்டும். பிந்தினால் குண்டு குழலுக்குள் நேராக நுழையாது, ஓரத்தில் சீவப்படும். அந்த ஈயத்துணுக்கு பக்கவாட்டில் தெறித்து, அருகில் நிற்பவர் கன்னத்தில் சுருக்கென்று படும்.

அதைக் கடையில் எப்படிப் பார்ப்பது?

முதலில் ஆறு அறையும் காலியா என்று பாருங்கள். கடைக்காரர் பார்த்துத் தந்திருந்தாலும் நீங்களும் ஒருமுறை பாருங்கள். பிறகு கடைக்காரரிடம் கேட்டு, அறைகளில் போலித் தோட்டா போடச் சொல்லுங்கள். வெற்றுச் சிலிண்டரில் காலித் தோட்டாவை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகடு கொஞ்சம் அசையும். பற்கள் அந்தத் தகட்டில்தான் இருக்கின்றன. நல்ல துப்பாக்கிகூட அதனால் பழுதுபோலத் தோன்றலாம்.

இனி இடது கை விரலால் சிலிண்டரை லேசாக உரசியபடி, கட்டைவிரலால் சுத்தியை மிக மெதுவாக இழுங்கள். அவசரம் கூடாது. வேகமாக இழுத்தால் சிலிண்டர் தன் வேகத்திலேயே சுற்றிப் பூட்டில் விழுந்துவிடும், குறை தெரியாது. சுத்தி நின்றபின் சிலிண்டரைத் தொட்டுத் திருப்பிப் பாருங்கள். அப்போதுதான் 'டிக்' என்று பூட்டு விழுந்தால் டைமிங் பிந்துகிறது என்று பொருள். ஒவ்வோர் அறைக்கும் தனிப் பல் என்பதால் ஐந்து சரியாக இருந்து ஆறாவது மட்டும் பிந்தலாம். சாக்பீஸால் ஓர் அறைக்கு அடையாளமிட்டு, ஆறையும் பாருங்கள். சுத்தியை இழுக்காமல் விசையை மட்டும் மெல்ல அழுத்தியும் ஒரு சுற்று.

விசையை அழுத்திப் பிடித்தபின்னும் சிலிண்டர் பக்கவாட்டில் ஆடுகிறதே?

துளி ஆட்டம் குறையல்ல. பழைய கோல்ட் ரிவால்வர்களில் விசையை அழுத்தியிருக்கும்போது சிலிண்டர் பாறைபோல் நிற்கும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் ஒரு மயிரிழை ஆடும். அந்த ஆட்டம் இருப்பதால்தான் குண்டு குழலுக்குள் நுழையும்போது அறையைத் தானே நேராக்கிக்கொள்கிறது. கோணலாக நின்று இறுகப் பூட்டிக்கொள்ளும் சிலிண்டரைவிட, நேராக நின்று சற்றே ஆடும் சிலிண்டர் மேல் என்பேன்.

முன்னும் பின்னும் அசைந்தால்?

இங்கே கண்டிப்பாக இருங்கள். சிலிண்டருக்கும் குழலுக்கும் உள்ள இடைவெளி 0.1 முதல் 0.2 மி.மீ. இருப்பது இயல்பு. மெக்கானிக் கடையில் கிடைக்கும் இடைவெளித் தகடுகளால், சிலிண்டரை முன்னே தள்ளி ஒருமுறையும் பின்னே தள்ளி ஒருமுறையும் அளக்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் 0.08 மி.மீ.யைத் தாண்டினால் வேறு துப்பாக்கி கேளுங்கள். நிர்பீக் போன்ற நம் நாட்டு .32 ரிவால்வர், வெப்ளி ரிவால்வரைப்போல நடுவில் மடிந்து திறப்பது. அதில் குழலையும் பிடியையும் பிடித்து அசைத்து, மேல் கொக்கியும் கீலும் ஆடவில்லையே என்றும் பார்க்க வேண்டும்.

புதுசிலேயே சிலிண்டரைச் சுற்றிக் கோடு விழுந்திருக்கிறது, பழசைத் தந்துவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. பூட்டு நாக்கு உரசிய தடம் அது. ஆலையில் சோதித்தபோதே விழுந்திருக்கும்.

"பத்து ரவுண்டு சுட்டால் பழகிவிடும்" என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

விசையின் கரடுமுரடு பழகும். பிந்திய டைமிங் பழகாது. நாக்கும் பல்லும் தேயத் தேய இன்னும் பிந்தும். நீங்களே அரத்தை எடுத்துவிடாதீர்கள். துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலுக்கு 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி தனி உரிமம் வேண்டும். அந்த உரிமம் உள்ளவரிடம் மட்டுமே கொடுங்கள். அதற்கும் முன்னால், ரசீது போடுவதற்குள் கடையிலேயே சோதித்து மாற்றிக்கொள்ளுங்கள்.