வளர்ந்தோருக்கான கார்ட்டூன் தொடர்கள்: அபத்தமும் யதார்த்தமும்

கார்ட்டூன் சிறுவர்க்கே உரியது என்ற எண்ணத்தை, 1989இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தனித்தொடராக வெளிவரத் தொடங்கிய ‘த சிம்ப்சன்ஸ்’ பெரிதும் தகர்த்தது. மற் கிரேனிங் உருவாக்கிய இத்தொடரின் நாயகன் ஹோமர், அணுமின் நிலையமொன்றின் பாதுகாப்புப் பரிசோதகன். கடமை நேரத்தில் உறங்குபவன். நிலைய முதலாளி பேர்ன்சோ அவன் பெயரைக்கூட நினைவில் வைத்திருப்பதில்லை.

இவ்வபத்தம் வெறுங் கற்பனையன்று. தொழிலாளியை உற்பத்திச் சாதனமாக மட்டுமே காணும் அமைப்பின் உண்மையே இங்கு மிகைப்படுத்தப்படுகிறது. யதார்த்த நாடகத்தில் அச்சந்தரக்கூடிய இந்நிலை, நோவறியாக் கோட்டுருவங்களிடத்தே சிரிப்பாகிறது. வளர்ந்தோர் தம் வாழ்வை அதில் இனங்காண்கின்றனர்.

எனினும், அத்தியாய முடிவில் பெரும்பாலும் யாவும் பழைய நிலைக்கே மீளுகின்றன. மகன் பார்ட்டுக்கு என்றும் பத்து வயதே. முரண்பாட்டைப் புலப்படுத்தும் சிரிப்பு, அதனை மாற்றவியலாததாக ஏற்கவும் பழக்கிவிடலாம். இத்தொடர்களின் வலிமையை ஏற்கும் திறனாய்வு இவ்வரம்பையும் கருத்திற் கொள்ளல் வேண்டும்.