மைலேஜ்ல காசு திரும்பி வருமா? சித்தப்பாவின் டிசையர் கணக்கு

போன மாசம் மோகனூர் போயிருந்தப்ப சித்தப்பா ஒரு கேள்வி கேட்டார்.

"ஏங் கண்ணு, பழைய டிசையரைக் குடுத்துப்போட்டுப் புதுசு எடுத்தரலாமா? இடமும் தாராளமாம், மைலேஜும் ஜாஸ்தியாம். பெட்ரோல்லயே போட்ட காசு திரும்பிரும்ங்கறாங்க."

அவர் வண்டி 2013 மாடல். எக்ஸ்சேஞ்ச் போக இன்னும் 6 லட்சம் போடணும். அதுக்கு அவர் உடைக்க நினைச்சது, தங்கச்சி காலேஜுக்காகப் போட்டு வெச்சிருக்கற எஃப்.டி.யை.

இடம் கூடினது நிஜமா?

நிஜம்தான். ஆனா இதுக்குப் பின்னாடி ஒரு வரிக் கதை இருக்கு. 2006 பட்ஜெட்டில் ப.சிதம்பரம் சிறிய கார்களுக்கான கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1,200 சி.சி.க்குள் இருக்கணும் என்பது நிபந்தனை.

2008-ல் வந்த முதல் டிசையரின் நீளம் 4,160 மி.மீ., டிக்கி 440 லிட்டர். சலுகைக்காக 2012-ல் அதை 3,995 மி.மீ. ஆகச் சுருக்கினாங்க. டிக்கி 316 லிட்டராயிடுச்சு. சித்தப்பா வண்டி இதுதான். அதே நீளத்துக்குள்ளேயே 2017-ல் அகலத்தைக் கூட்டி, டிக்கியை 378 லிட்டர் ஆக்கினாங்க. 2024 நவம்பர்ல வந்ததுல 382. சோதனை மைலேஜ் 19.1-லிருந்து 24.79 ஆகியிருக்கு.

அந்த 4 மீட்டர் கோடு இன்னும் இருக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகை பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18%, பெரிய கார்களுக்கு 40%.

சரி, காசு திரும்புமா?

சோதனை மைலேஜ் நம்ம ரோட்ல கிடைக்காது. நாமக்கல், கரூர்னு சித்தப்பா வருஷம் 9,000 கி.மீ. ஓட்டறார். பழைய வண்டி 15 குடுக்குது. புதுசு 20 குடுக்கும்னு வைங்க. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய்.

- பழசு: 9,000 ÷ 15 = 600 லிட்டர்
- புதுசு: 9,000 ÷ 20 = 450 லிட்டர்
- மிச்சம்: 150 லிட்டர், அதாவது வருஷம் 15,000 ரூபாய்

6 லட்சத்தை 15,000 ஆல் வகுத்தா 40 வருஷம்! அந்த 6 லட்சம் எஃப்.டி.யிலேயே இருந்தா, 7 சதவீதத்தில் வருஷம் 42,000 வட்டி. 15,000 மிச்சம் பிடிக்க 42,000-ஐ விடறோம். கடன்ல எடுத்தாலும் 9%, 5 வருஷத்துக்கு இ.எம்.ஐ. சுமார் 12,455. பெட்ரோல் மிச்சமோ மாசம் 1,250 தான்.

இன்னொண்ணு கவனிங்க. மைலேஜ் 15-லிருந்து 20 ஆனா 150 லிட்டர் மிச்சம். அதே 5 கி.மீ. கூடி 20-லிருந்து 25 ஆனா 90 லிட்டர்தான் மிச்சம். ஏற்கனவே நல்ல மைலேஜ் குடுக்கற வண்டியை மைலேஜுக்காக மாத்தறது இன்னும் நஷ்டம்.

அப்போ புது கார் வாங்கவே கூடாதா?

அப்படிச் சொல்லலை. புது டிசையர்ல 6 ஏர்பேக் எல்லா மாடல்லயும் உண்டு. குளோபல் என்கேப் சோதனையில் பெரியவங்க பாதுகாப்புக்கு 5 ஸ்டார். பழைய வண்டி அடிக்கடி ஒர்க்‌ஷாப் போனாலும் மாத்தறது நியாயம். டாக்ஸி மாதிரி வருஷம் 60,000 கி.மீ. ஓடினா, மேலே சொன்ன மிச்சமே ஒரு லட்சம் வரும். அந்தக் கணக்கு வேற. ஆனா வீட்டு உபயோகத்துக்கு எடுக்கறது செலவு. அதைச் சேமிப்புன்னு நினைச்சு எஃப்.டி.யை உடைக்காதீங்க.

பேப்பர்ல போட்டுக் காட்டினதும் சித்தப்பா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அப்ப பாப்பா படிப்பு முடியட்டும்"னார். இப்போ மாசம் 10,000-க்கு ஆர்.டி. ஆரம்பிச்சிருக்கார், அடுத்த காருக்காக.

ஷோரூம் போறதுக்கு முன்னாடி உங்க கி.மீ.யை வெச்சு இதே கணக்கைப் போட்டுப் பாருங்க. படிப்படியா விளக்கம் நம்ம சேனல் வீடியோவில் இருக்கு.