வீழாது நிற்கும் வித்தை

தேகாப்பியாசம் என்றதும் வியர்வை சிந்த ஓடுதலும் பாரந் தூக்குதலுமே பலர் மனக்கண்முன் தோன்றுகின்றன. அறுபது வயதைக் கடந்தோர், "அதெல்லாம் இளைஞர் காரியம்" என்று கூறிச் சாய்மனைக் கதிரையை நாடுகின்றனர். ஆயினும் அவர்களை உள்ளூர வருத்தும் அச்சம் ஒன்றுண்டு. கிணற்றடியிலோ வாசற்படியிலோ கால் இடறி வீழ்ந்துவிடுவோமோ என்பதே அது. இடுப்பெலும்பு முறிந்த முதியோருட் பலர் முன்போல் நடமாடுவதில்லை. ஒருமுறை வீழ்ந்தவர் அஞ்சி நடையைக் குறைக்கின்றார். நடை குறையக் கால்களின் தசைகள் மெலிகின்றன. தசை மெலிய, எதற்கு அஞ்சினாரோ அதுவே வந்து சேர்கின்றது.

நாம் நிமிர்ந்து நிற்பதற்குக் கண், உட்செவி, பாதமும் மூட்டுக்களும் ஆகிய மூன்றும் மூளைக்கு ஓயாது செய்தி அனுப்பவேண்டும். முதுமையில் இம்மூன்றும் தளர்கின்றன. கண்ணை மூடி முகங் கழுவும்போது சிலர் தள்ளாடுவதைக் கண்டிருப்பீர்கள். கண்ணின் துணை நீங்கியதும் ஏனைய இரண்டின் தளர்ச்சி வெளிப்பட்டுவிடுகின்றது.

இத்தளர்ச்சிக்குச் சீனதேசத்துப் போர்க்கலை ஒன்று துணைபுரிவது வியப்பிற்குரியதே. தாய் சி சுவான் என்பது அதன் பெயர். இதிலுள்ள 'சி' பிராணனைக் குறிக்கும் சீனச் சொல் என்று பலர் எழுதிவருகின்றனர்; அது வேறு, இது வேறு. 'தாய் சி' என்பது அனைத்திற்கும் மூலமான பெருநிலை; 'சுவான்' என்பது மடக்கிய கை. ஹெனான் மாகாணத்திலே சென் குலத்தார் வாழ்ந்த கிராமத்தில் 17ஆம் நூற்றாண்டில் இக்கலை உருப்பெற்றது என்பர். 19ஆம் நூற்றாண்டில் யாங் லூசான் என்பவர் அங்கு கற்றுப் பீகிங் நகரிற் பரப்பினார். 1956ஆம் ஆண்டில் சீன அரசின் விளையாட்டுத் துறையினர் அதனைப் பொதுமக்களுக்கென 24 நிலைகளாகச் சுருக்கினர். முழுவதையும் ஆடி முடிக்க ஐந்தாறு நிமிடங்கள் போதும்.

பார்ப்போர்க்கு இது நீருக்குள் நடப்பது போலத் தோன்றும். முழங்கால்கள் சற்றே மடிந்திருக்க, உடற்பாரம் முழுவதையும் ஒரு காலுக்கு மெல்ல மாற்றிய பின்னரே மற்றக் கால் நிலத்தைவிட்டு எழுகின்றது. விரைந்து செய்வோர் தடுமாற்றத்தை வேகத்தால் மறைத்துவிடலாம். மெல்லச் செய்வோர்க்கு அந்த வழியில்லை. இங்கேதான் தியானமும் வந்து சேர்கின்றது. பாரம் எந்தப் பாதத்தில் இருக்கின்றது என்று மனம் இடைவிடாது கவனிக்கவேண்டும். மனம் சந்தைக்குப் போனால் கால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்!

ஐக்கிய அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்திலே பார்க்கின்சன் எனும் நடுக்கநோயுற்ற 195 பேரை ஆராய்ச்சியாளர் மூன்று குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவினர் தாய் சியும், மற்றொரு குழுவினர் தசை வலுவூட்டும் பயிற்சியும், மூன்றாங் குழுவினர் உடலை நீட்டும் பயிற்சியும் வாரம் இருமுறை, முறைக்கு ஒரு மணி நேரமாக, 24 வாரங்கள் செய்தனர். 2012இல் வெளிவந்த முடிவின்படி, உடற்சமநிலையில் தாய் சி பயின்றோரே முன்னின்றனர். நீட்டற் பயிற்சி செய்தோரிலும் அவர்கள் குறைவாகவே வீழ்ந்தனர். நோய் தீர்ந்ததென்று எவரும் சொல்லவில்லை.

நமது யோகத்தை விட்டுச் சீனத்துக்குப் போவானேன் என்று சிலர் வினவலாம். வேண்டியதில்லை, ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனமும் இதே வேலையைச் செய்வதுதான். ஆனால் யோகம் என்றதும் தலைகீழாய் நிற்கும் படத்தையே தேடுகின்றோம். பதஞ்சலியாரோ தம் நூலில் ஆசனத்துக்கென ஒதுக்கியவை மூன்று சூத்திரங்களே. உயர் இரத்த அழுத்தமோ கண்ணழுத்த நோயோ உள்ள முதியவர்க்குச் சிரசாசனம் தீங்கே விளைக்கும்.

தொடங்குவோர் சுவரோரமாக, அசையாத கனத்த கதிரையின் முதுகைப் பற்றிக்கொண்டு, ஈரமில்லாத தரையில் நிற்கட்டும். மூச்சை அடக்கவேண்டாம். ஒரு குதிக்காலை மட்டும் சிறிது உயர்த்துதல் முதல் வாரத்துக்குப் போதும். தலைச்சுற்று உள்ளோரும் அண்மையில் எலும்பு முறிந்தோரும் வைத்தியரைக் கேட்ட பின்னரே இதிற் புகவேண்டும். அவர்கள் பயிலும்போது வீட்டார் ஒருவர் அருகில் நிற்றல் நன்று.